பெயர் எழுதாத பக்கம்

அத்தியாயம் 17

போன வாரம் பரணிலிருந்து பெட்டியை இறக்கும் சத்தத்தோடு நிறுத்தினோம். இறக்கியவர் டீச்சரின் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். நாலு மாதத்துக்கு முன்னால் வேலையிடத்தில் கால் தவறி விழுந்து, இடது தோள்பட்டையை உடைத்துக்கொண்டு, "சொல்லி அனுப்பறோம், அதுவரைக்கும் வீட்டுல இருங்க" என்று கம்பெனி சொன்ன ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டோடு இருப்பவர்.

பெட்டி எதற்கு என்று கேட்டதற்கு, "அக்கா வீட்டுல தண்ணி மோட்டார் ஓடலையாம். போய்ப் பார்த்துட்டு வரேன். சாயங்காலம் ஏழரை பஸ்ஸு" என்றார்.

டீச்சர் அப்போது பதினாறாவது கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தாள். லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "எப்ப திரும்பி வருவீங்க?" என்றாள்.

"பார்க்கலாம்" என்றார் அவர். அவ்வளவுதான். அவள் பதினேழாவது கட்டுரைக்குப் போய்விட்டாள்.

அது வியாழக்கிழமை காலை. இனி அதே நாள் சாயங்காலம்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்துக்குப் போகிற டீச்சர் இல்லை. படுக்கையறையின் மூலையில் ஒரு மேசை, ஒரு லேப்டாப், பின்னால் துணி அலமாரி தெரியாமல் இருக்க ஒரு வெள்ளைத் திரை. பதின்மூன்று வயதிலிருந்து பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆன்லைனில் வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். எழுத்துக் கூட்டி வாசிப்பதை அல்ல. ஒரு கட்டுரையையோ விளம்பரத்தையோ கொடுத்தால், இதை யார் எழுதியிருப்பார்கள், யாரை மனதில் வைத்து எழுதினார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று துருவிப் பார்ப்பதை. பார்த்ததை ஒழுங்காக எழுதுவதை. சும்மா சொல்லக் கூடாது, அதில் அவள் கெட்டிக்காரி.

வியாழக்கிழமை வகுப்புக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கம் எங்கிருந்தாவது கொண்டுவந்து பொது ஃபோல்டரில் போட வேண்டும். சொந்தமாக எழுதியதாகவும் இருக்கலாம். கையெழுத்தில் ஆள் தெரிந்துவிடும் என்பதால் டைப் செய்துதான் போட வேண்டும். பெயர் இருக்கக் கூடாது. டீச்சரும் முன்கூட்டிப் பார்க்க மாட்டாள். ஒரு பிள்ளை வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும், அந்தப் பக்கத்தைத் திறந்து அவளும் அவர்களோடு சேர்ந்து முதல் தடவையாகப் படிப்பாள்.

அப்புறம் ஒரு சட்டம். முதல் பத்து நிமிடம் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

"முதல்ல நல்லா குழம்புங்க" என்பாள். "குழம்பினதை எழுதுங்க. முடிவுக்கு என்ன அவசரம், அது எங்க ஓடிடப் போகுது?"

ஐந்தரைக்கு வகுப்பு ஆரம்பித்தது. பன்னிரண்டு பிள்ளைகள். ஃபோல்டரைத் திறந்தால் பதின்மூன்று பக்கங்கள். எவனோ ரெண்டு தடவை போட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். மூன்று வாரமாகவே பதின்மூன்றுதான் இருக்கிறது என்பதை அவள் கவனிக்கவில்லை.

"யாராவது ஒரு நம்பர் சொல்லுங்க."

"ஒன்பது, மிஸ்!" என்றான் வக்கீல். பெயர் வேறு. எதற்கெடுத்தாலும் மறுத்துப் பேசுவதால் வகுப்பே சேர்ந்து வைத்த பட்டம்.

ஒன்பதாவது பக்கத்தைத் திறந்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திரையில் போட்டாள். வழக்கம் போலக் கணீரென்று வாசித்தாள்.

"நான் கொஞ்ச நாள் அங்கே வந்து இருக்கலாமா? காரணம் கேட்க வேண்டாம், கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இங்கே ஒரு குறையும் இல்லை. சாப்பாடு இருக்கிறது. படுக்க இடம் இருக்கிறது. ஹாலில் இருக்கிற நாற்காலி கிறீச்சென்று சத்தம் போடும், அதனால் அதில் உட்காருவதில்லை."

சத்தம் போடாத நாற்காலி எந்த வீட்டில் இருக்கிறது என்று நினைத்தபடி மேலே போனாள்.

"குளியலறைக் கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தினால் சத்தம் வராது. அதையும் பழகிக்கொண்டேன்."

'தூக்கிச் சாத்தினால்' என்பதை ரெண்டு தடவை வாசித்தாள்.

"மாலை நாலு மணியிலிருந்து ஒன்பது மணி வரை இந்த வீட்டில் குக்கர்கூட விசில் அடிக்கக் கூடாது. நான் என்ன, குக்கரை விட உசத்தியா? போனில் பேசினால் கேட்கும் என்பதால்தான் எழுதுகிறேன். வரலாமா, கூடாதா என்று மட்டும் பதில் போட்டால் போதும்."

டீச்சரின் கண் குக்கர் வரிக்குத் திரும்பிப் போனது.

வகுப்பு முடிகிற வரைக்கும் குக்கர் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்ட வீடு ஊரில் ஒன்றுதான் இருக்க முடியும். சட்டம் போட்டவளே அவள்தான். பக்கத்து அறையில் பதினைந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவள் இந்த வகுப்பில் சேர மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றவள். அப்பா 'வாலு' என்று கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்ப்பாள். அவள் இதை எழுதியிருக்கிறாள். வீட்டை விட்டுப் போக அனுமதி கேட்டு யாருக்கோ எழுதியிருக்கிறாள்.

"மிஸ்? உங்க சத்தம் வரலை" என்றாள் ஒரு பெண்.

"வருது, வருது. சொல்லுங்க. என்ன குழப்பம்?"

எழுந்து போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் பன்னிரண்டு முகங்கள் திரையில் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன சொல்லிவிட்டு எழுந்திருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உட்கார்ந்திருந்தாள்.

"குக்கர் ஏன் விசில் அடிக்கக் கூடாது?" என்று ஒருத்தி சிரித்தாள். "யாருக்காவது உடம்பு சரியில்லையா? கைக்குழந்தை இருக்கா?"

"தினமும் கரெக்டா நாலுலேருந்து ஒன்பது வரைக்குமா குழந்தை தூங்கும்?" என்றான் இன்னொருவன். "யாரோ வீட்டுலேருந்து ஆன்லைன்ல வேலை பார்க்கிறாங்க."

டீச்சர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மடக்கென்று குடித்தாள்.

வக்கீல் கையைத் தூக்கினான். "மிஸ், இதுல ஒரு விஷயம் விசித்திரமா இருக்கு. கதவு இருக்கு, நாற்காலி இருக்கு, குக்கர் இருக்கு. ஆனா ஒரு மனுஷன்கூட இல்லை. அம்மா, அப்பா, அண்ணன், தங்கச்சி, ஒருத்தர் பேச்சும் இல்லை. யாரு சத்தம் போடாதேன்னு சொன்னாங்கன்னே இல்லை. ஆளே இல்லாத வீடு மாதிரி எழுதியிருக்காங்க."

வேறு எந்த வியாழக்கிழமையாக இருந்தாலும் டீச்சர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருப்பாள். இன்றைக்கு அவளுக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். பயம்தான் அப்படி வந்தது என்று அப்புறம் புரிந்தது. அப்போது புரியவில்லை.

"ஏன்னா, இது ஒரு மிரட்டல்" என்றாள் பட்டென்று. "குறையே இல்லைன்னு சொல்லிக்கிட்டே நாலு குறை சொல்றது. போகப் போறேன், போகப் போறேன்னு பூச்சாண்டி காட்டினா எல்லாரும் பதறிக்கிட்டு பின்னாடி வருவாங்கன்னு ஒரு நினைப்பு. இதுல உண்மையான வருத்தம் இல்லை. கவனிக்கச் சொல்லி அடம் பிடிக்கிறது, அவ்வளவுதான். அடுத்த பக்கம் போவோம்."



"மிஸ்" என்றான் வக்கீல், மெதுவாக. "இன்னும் நாலு நிமிஷம்கூட ஆகலை. பத்து நிமிஷம் தீர்ப்பே சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே..."

"தெரியும். அடுத்த நம்பர் சொல்லுங்க."

ஹாலில் நாற்காலி கிறீச்சென்றது. அவள் காதில் விழவே செய்தது. ஆனால் அதற்குள் யாரோ "நாலு" என்றார்கள், நாலாவது பக்கம் ஏதோ சோப்பு விளம்பரம், மீதி வகுப்பை எப்படி நடத்தினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வழக்கத்தை விட அஞ்சு நிமிடம் முன்னாலேயே முடித்துவிட்டு லேப்டாப்பை அறைந்து மூடினாள். மணி ஏழடிக்க ஐந்து.

மகள் அறை வாசலிலேயே நின்றிருந்தாள். அழுதிருந்தாளா, இல்லையா என்று சொல்ல முடியாத முகம்.

"ஏன்டி அப்படி எழுதினே?" டீச்சருக்குக் குரல் உடைந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்? யார் வீட்டுக்குப் போறதா உத்தேசம்?"

"நான் எழுதலை."

"பொய் சொல்லாதே. நம்ம வீட்டுக் கதவு, நம்ம வீட்டு நாற்காலி. குக்கர் வரைக்கும் எழுதியிருக்கே!"

"நான் டைப் பண்ணேன். எழுதலை."

"பின்னே யாரு எழுதினது?"

மகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்மா, இந்த வீட்டுல நாம மொத்தம் எத்தனை பேர்?"

டீச்சருக்குச் சட்டென்று விளங்கவில்லை. பாவம், நிஜமாகவே விளங்கவில்லை. போட்டவர்கள் பிள்ளைகள், அதனால் எழுதியதும் ஒரு பிள்ளைதான் என்று அவள் எடுத்த எடுப்பிலேயே எடுத்துக்கொண்டாள். வகுப்பில் வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் சிவப்பில் வட்டம் போட்டு, 'இது உனக்கு எப்படித் தெரியும்?' என்று பக்கத்தில் எழுதியிருப்பாள்.

ஹாலை எட்டிப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது. காலையிலிருந்து சுவரோரமாக நின்ற பெட்டி இல்லை.

"அப்பா எங்கே?"

"போயிட்டாரு. ஹால்லதான் உக்காந்திருந்தாரு. நீ படிக்க ஆரம்பிச்சதும் அப்படியே சிலை மாதிரி இருந்தாரு. மிரட்டல்னு நீ சொன்னே பாரு, அப்பத்தான் எழுந்தாரு."

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

மகள் விடவில்லை. மூன்று வாரமாக அடக்கி வைத்தது கடகடவென்று வந்தது. "அத்தைக்கு லெட்டர் எழுதி, தபால்ல போடச் சொல்லி என்கிட்டதான் குடுத்தாரு. எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. பிரிச்சுப் படிச்சேன். தப்புதான், திட்டு. ஆனா போடலை. பதில் வரலை, பதில் வரலைன்னு அப்பா தினமும் கீழே போய்த் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துக்கிட்டு இருந்தாரு. கடைசியில, பதில் வராட்டியும் போறதுன்னு முடிவு பண்ணிட்டாரு போல."

"எங்கிட்ட கொண்டுவந்து குடுக்கறதுக்கென்ன?"

"குடுத்திருந்தா? 'அப்புறம் பார்க்கறேன், மேசையில வை'ன்னு சொல்லியிருப்பே. என் ரிப்போர்ட் கார்டே பத்து நாளா அங்கதான் கிடக்கு. அந்த ஃபோல்டர்ல போட்டாத்தான் நீ ஒரு ஒரு வரியா நின்னு படிப்பே. அதான் உன் லேப்டாப்பைத் திறந்து போட்டேன். மூணு வாரமா போட்டுக்கிட்டே இருக்கேன், இன்னிக்குத்தான் அந்த வக்கீல் வாயில ஒன்பது வந்துச்சு."

டீச்சர் மேசையைத் திரும்பிப் பார்த்தாள். ரிப்போர்ட் கார்டு அங்கேயேதான் இருந்தது.

"மோட்டார் ரிப்பேர்னு சொன்னாரே, அதையாவது யோசிச்சியாம்மா? ஒரு கையைத் தூக்கிச் சட்டை போட முடியலை அவருக்கு. நான்தான் பட்டன் போட்டுவிடறேன். அவரு போய் மோட்டாரைக் கழட்டி மாட்டப் போறாராம், நீ எப்ப திரும்பி வருவீங்கன்னு கேட்கறே!"

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. டீச்சர் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். போனை எடுத்து அவருக்குப் போட்டாள். அடுப்படியில் மணி அடித்தது. போனை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"இன்னொன்னு" என்றாள் மகள். இவ்வளவு நேரம் வீரமாகப் பேசிய குரல் இப்போது இறங்கிவிட்டது. "அது முழு லெட்டர் இல்லை. ரெண்டு பக்கம். நான் ஒண்ணுதான் போட்டேன்."

"ரெண்டாவது பக்கம்?"

"அதுல முழுக்க நீதான் இருந்தே. அந்தப் பசங்க முன்னாடி எப்படிம்மா போடறது?"

ஆளே இல்லாத வீடு என்று வக்கீல் சொன்னான். ஆட்கள் எல்லாம் ரெண்டாவது பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். பாதிக் கடிதத்தை வைத்துக்கொண்டு பன்னிரண்டு பிள்ளைகளும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள், அவளோ தீர்ப்பே எழுதிவிட்டாள். மகள் கணக்குப் புத்தகத்துக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினாள். டீச்சர் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள். இடது கால் அவளுடையது, வலது கால் மகளுடையது. பார்க்க நேரமில்லை.

"ஏழரைக்கு உனக்கு அடுத்த பேட்ச் இருக்கு!" என்று மகள் மாடிப்படியில் கத்தினாள்.

"இருக்கட்டும்!"

பஸ் ஸ்டாண்டுக்குப் பத்து நிமிட நடை. தெரு விளக்குகள் அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தன. மூடிக்கொண்டிருந்த மருந்துக்கடை வாசலில் வெளிச்சம் இருந்தது, அங்கே நின்று தாளைப் பிரித்தாள். குண்டு குண்டான அவருடைய எழுத்து.

'அக்கா, அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான் விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் ராத்திரி முழுக்க உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. இப்போது வீட்டைத் தூக்கி நிறுத்துவதும் அவள்தான். சத்தம் போடக் கூடாது என்று அவள் சொன்னது பிள்ளைகளுக்காக. என்னைக் குத்திச் சொன்னதாக நான்தான் எடுத்துக்கொண்டேனோ என்னவோ, தெரியவில்லை. நான் அங்கே வருகிறேன் என்று சொல்லும்போது, போகாதீங்க என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பெட்டியைப் பிரித்துவிடுவேன். சொல்லாவிட்டால் வந்துவிடுகிறேன். இதை அவளிடம் சொல்லிவிடாதே. சொல்லிக்கொடுத்து அவள் சொன்னால் அதில் என்ன இருக்கிறது.'

இன்னும் நாலைந்து வரி இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியதில் எழுத்துத் தெரியவில்லை. ஓடினாள்.

பஸ் புறப்படுகிற அவசரத்தில் உறுமிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே போனாள். பின்னாலிருந்து மூன்றாவது ஜன்னலில் இருந்தார், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல கையால் அதைப் பிடித்துக்கொண்டு. இவளைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்தார்.

"கிளாஸ்?" என்றார்.

"போகாதீங்க" என்றாள் டீச்சர். மூச்சு வாங்கியது. "என்னங்க, போகாதீங்க. இறங்கி வாங்க."

அவர் முகம் மலர்ந்தது. நிஜமாகவே ஒரு கணம் மலர்ந்தது. பெட்டியைத் தூக்கப் போனவர், அவள் கையில் இருந்த தாளைப் பார்த்தார். மலர்ந்த முகம் அப்படியே நின்றது.

"படிச்சுட்டியா?"

"படிச்சேன்."

"அதுல இருக்குன்னு சொல்றியா, இல்லை நீயா சொல்றியா?"

டீச்சர் வாயைத் திறந்தாள். நானாகத்தான் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. அவரும் நம்பிவிடுவார், நம்ப வேண்டும் என்றுதான் அந்த முகம் காத்துக்கொண்டிருந்தது. ஆனால் மருந்துக்கடை வாசலில் அந்தத் தாளைப் பிரிக்காமல் நேராக ஓடி வந்திருந்தால், இந்த ஜன்னலுக்குக் கீழே நின்று என்ன சொல்லியிருப்பாள்? கோபித்துக்கொண்டிருப்பாளா? மகள் செய்த காரியத்தைச் சொல்லியிருப்பாளா? எப்போது திரும்பி வருவீர்கள் என்று மறுபடியும் கேட்டிருப்பாளோ? எவ்வளவு தேடியும் பதில் கிடைக்கவில்லை. வாராவாரம் பிள்ளைகளைக் குழம்பச் சொல்லிக்கொடுத்தவளுக்கு, குழம்பினால் நெஞ்சு இப்படி வலிக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"தெரியலைங்க" என்றாள். "சத்தியமா தெரியலை."

அவர் அவளையே பார்த்தார். "பதினெட்டு வருஷத்துல நீ தெரியலைன்னு சொல்லி நான் கேட்டதே இல்லை" என்றார். அது கோபமா, சந்தோஷமா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

டிரைவர் ஹாரனை அடித்தார். பஸ் ஓர் அடி முன்னால் நகர்ந்தது.

"கிளாஸுக்கு நேரமாச்சு, நீ போ" என்றார் அவர். "பசங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."

டீச்சர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலை விட்டுவிட்டு முன்வாசலுக்கு ஓடினாள், நகர்கிற பஸ்ஸின் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டாள். உள்ளே இருந்தவர்கள் ரெண்டு கால் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவள் பாட்டுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரெண்டு பேரும் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு எந்தக் கடிதமும் போய்ச் சேரவில்லை, இவர்கள் வருவது அவளுக்குத் தெரியவே தெரியாது. அது அவருக்கும் இந்நேரம் புரிந்திருக்கும்.

கண்டக்டர் வந்தார். "நீங்க எங்கம்மா போகணும்?" என்றார்.

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அடுத்த நிறுத்தம் என்றாலும் சரி, கடைசி ஊர் என்றாலும் சரி, அவர் சொல்லட்டும் என்று இருந்தாள். அவர் பெட்டியின் பூட்டைத் தடவிக்கொண்டே இருந்தார், வாயைத் திறக்கவில்லை.

"உங்களைத்தாம்மா கேட்கறேன்" என்றார் கண்டக்டர்.